மாந்தோவாவின் ஏரிகளையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

விடுமுறைக் காலத்தை ஒட்டி ஞாயிறு இணைப்பில் வந்த இத்தாலிப் பயணக் கட்டுரையைப் படித்தேன். ரோம், ஃப்ளோரன்ஸ், வெனிஸ், போகிற வழியில் பைசா கோபுரம். உங்கள் பயணப் பக்கத்தில் இத்தாலி என்றால் எப்போதும் இந்த நான்கு பெயர்கள்தாம் வருகின்றன. அந்த ஊர்களைக் குறைசொல்ல இதை எழுதவில்லை. ஆனால் வெனிஸ் நகராட்சி 2024 முதல், கூட்டம் மிகும் நாட்களில், காலையில் வந்து மாலையில் திரும்பும் பயணிகளிடம் நுழைவுக் கட்டணமே வாங்கத் தொடங்கிவிட்டது. நெரிசல் அந்த அளவுக்குப் போய்விட்ட இடத்துக்கே நம் வாசகர்களையும் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டுமா? அதே வட இத்தாலியில், மிலானிலிருந்து ரயிலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், மாந்தோவா என்றொரு ஊர் இருக்கிறது. அதைப் பற்றித் தமிழில் விரிவாக ஒரு கட்டுரை நீங்கள் வெளியிட வேண்டும் என்று கேட்கவே இந்தக் கடிதம். அப்படி எழுதும்போது அரண்மனையோடு நிறுத்திவிடாதீர்கள் என்பது இன்னொரு வேண்டுகோள்.

நான் பொதுப்பணித்துறையின் பாசனப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். மதகும் கலிங்கும் கரையுமாகவே பணிக்காலம் போனது. என் மகள் மிலானில் வேலை பார்க்கிறாள். ஜூலை மாதம் அவளோடு இருந்தபோது, ஒரு சனிக்கிழமை காலையில் இருவரும் மிலான் மத்திய நிலையத்தில் மாந்தோவா ரயில் ஏறினோம். லோதி, கொதோஞ்ஞோ, கிரெமோனா என்று நிலையங்கள் வரும். வழியெல்லாம் சமவெளி, மக்காச்சோளம், வாய்க்கால்கள். அந்த வாய்க்கால்களைப் பார்த்துக்கொண்டு வந்ததில் நேரம் போனதே தெரியவில்லை.

மாந்தோவாவை வடக்கிலிருந்தோ கிழக்கிலிருந்தோ நெருங்கினால் முதலில் கண்ணில் படுவது தண்ணீர். கார்தா ஏரியிலிருந்து பெஸ்கியேராவில் புறப்படும் மின்ச்சோ ஆறு, தெற்கே இறங்கி, போ நதியில் கலக்கும் முன் இந்த ஊரைச் சுற்றி மூன்று ஏரிகளாக விரிகிறது. மேல் ஏரி, நடு ஏரி, கீழ் ஏரி. பார்ப்பவர்கள் இயற்கையாக அமைந்த ஏரிகள் என்றே நினைப்பார்கள். உங்கள் கட்டுரையாளர் எழுதினாலும் ‘ஏரிகள் சூழ்ந்த அழகிய நகரம்’ என்று ஒரு வரியில் கடந்துவிடக்கூடும். அங்கேதான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. இவை மனிதன் கட்டிய ஏரிகள். 12-ஆம் நூற்றாண்டின் கடைசியில், பெர்காமோவைச் சேர்ந்த அல்பெர்த்தோ பித்தெந்தீனோ என்ற பொறியாளரை நகர நிர்வாகம் அழைத்தது. அன்று ஊரைச் சுற்றிச் சதுப்பு நிலம். மழைக்காலத்தில் ஆறு பெருகி வரும். அதைவிடப் பெரிய தொல்லை, கீழே போ நதியில் வெள்ளம் வந்தால் அந்தத் தண்ணீர் மின்ச்சோவுக்குள் எதிர்த்து ஏறும். பித்தெந்தீனோ ஆற்றின் குறுக்கே அணைகரை போட்டு நீர்மட்டத்தை உயர்த்தினார். சதுப்பாகக் கிடந்த இடம் ஏரியானது. ஊருக்கு நாலு பக்கமும் தண்ணீர் நின்றதால் எதிரிப் படை நெருங்க முடியாத அரணும் கிடைத்தது. அப்போது ஏரிகள் நான்கு. தெற்கே இருந்த பயோலோ ஏரியைப் பிற்காலத்தில் வடித்து நிலமாக்கிவிட்டார்கள்.

அந்த அணைகரை இன்றும் இருக்கிறது. ‘ஆலைகளின் பாலம்’ என்று பெயர். ஒரு காலத்தில் இதன்மேல் பன்னிரண்டு மாவு ஆலைகள் ஓடின. இயேசுவின் பன்னிரண்டு சீடர்களின் பெயர்களை அவற்றுக்கு வைத்திருந்தார்கள். மேல் ஏரியிலிருந்து நடு ஏரிக்கு இறங்கும் தண்ணீரின் விசையில் சக்கரம் சுற்றியது. இரண்டாம் உலகப் போர்க் குண்டுவீச்சில் அந்தக் கட்டடங்கள் போய்விட்டன. இப்போது அதே கரைமேல் வெரோனா செல்லும் சாலையும் ரயில் பாதையும் ஓடுகின்றன.

அங்கே நடந்தே போனோம். வெயில் கடுமை, லாரிகள் வேறு. ஆனாலும் பாலத்தின் நடுவில் நின்று இரு பக்கமும் மாறி மாறிப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மேற்கே மேல் ஏரி, கரையை ஒட்டித் தளும்பி நிற்கிறது. சாலையைக் கடந்து கிழக்கே எட்டிப் பார்த்தால் நடு ஏரி சில மீட்டர் கீழே கிடக்கிறது. நடுவில் நாம் நிற்கிற சாலை. எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேலாக அந்த மட்ட வித்தியாசத்தை அந்த இடத்தில் காத்து வந்திருக்கிறார்கள். எத்தனை உடைப்பு அடைத்திருப்பார்கள், எத்தனை முறை கரையை உயர்த்தியிருப்பார்கள், எத்தனை இரவு மதகடியில் விழித்திருப்பார்கள்! கட்டியவர் பெயராவது இருக்கிறது. காத்தவர்கள் பெயர் எதிலும் இல்லை. கரை காத்தவனுக்குத்தான் அந்த வேலையின் பாரம் தெரியும்.

மேல் ஏரியில் ஜூலை, ஆகஸ்டில் தாமரை பூக்கிறது. நம் தாமரைதான். ஏறக்குறைய நூறு ஆண்டுகளுக்கு முன் ஆசியாவிலிருந்து கொண்டுவந்து நட்டார்களாம். இளஞ்சிவப்பாக ஏக்கர் கணக்கில் விரிந்து கிடக்கிறது, அதற்குப் பின்னால் ஊரின் கோபுரங்கள். ஏரியில் படகுச் சவாரி உண்டு. தாமரைக்கு இடையிலேயே கொண்டுபோகிறார்கள். மக்கள் வியந்து படம் எடுக்கிறார்கள். ஆனால் தாமரை அளவுக்கு மீறிப் பரவி ஏரியை மூடிவிடுகிறது என்பதால் ஆண்டுதோறும் வெட்டி அகற்றியும் வருகிறார்கள். ஏரியை வைத்திருப்பவர்களுக்கு இது எங்கும் உள்ள பாடு.

இனி ஊருக்குள் வருகிறேன். கொன்சாகா குடும்பம் 1328 முதல் 1707 வரை மாந்தோவாவை ஆண்டது. சிறிய அரசு, மிலானுக்கும் வெனிசுக்கும் இடையில் மாட்டிக்கொண்ட அரசு. படை கொடுத்துச் சம்பாதித்தார்கள், சம்பாதித்ததை ஓவியத்திலும் கட்டடத்திலும் போட்டார்கள். அவர்களுடைய அரண்மனையில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட அறைகள் இருப்பதாகச் சொல்கிறார்கள். எல்லாவற்றையும் பார்க்க முடியாது, பார்க்க வேண்டியதும் இல்லை. ஓர் அறையை மட்டும் விட்டுவிடக் கூடாது. சான் ஜோர்ஜோ கோட்டையின் வடகிழக்குக் கோபுரத்தில், அந்த்ரேயா மன்தேஞ்ஞா 1465 முதல் 1474 வரை தீட்டிய அறை.

அறை சிறியதுதான். பக்கத்துக்கு எட்டு மீட்டர் இருக்கும். ஒரு சுவரில் லுதோவிகோ கொன்சாகா கையில் ஒரு கடிதத்தோடு, பக்கத்தில் நிற்கும் செயலரை நோக்கித் திரும்பி உட்கார்ந்திருக்கிறார். மனைவி பார்பரா, பிள்ளைகள், அரசவையினர் சுற்றிலும். அவர் நாற்காலிக்கு அடியில் ஒரு வேட்டை நாய் படுத்திருக்கிறது. அரச குடும்பத்தை ஓவியத்தில் கொண்டுவருகிறவர்கள் சாமி மாதிரி நிறுத்துவார்கள். இங்கே அப்படியில்லை, ஏதோ ஒரு வேலை நாளில் நாம் கதவைத் திறந்து உள்ளே வந்துவிட்டோம், அவர்கள் பேச்சு நம்மால் தடைப்படவில்லை. அண்ணாந்து பார்த்தால் கூரையின் நடுவில் வட்டமாக ஒரு திறப்பு, நீல வானம். உண்மையில் திறப்பு இல்லை, எல்லாம் வண்ணம். அந்த வட்டத்தின் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பெண்கள் சிரித்தபடி நம்மைக் குனிந்து பார்க்கிறார்கள், ஒரு மயில் உட்கார்ந்திருக்கிறது, இறக்கை முளைத்த குழந்தைகள் விளிம்பில் தொற்றிக்கொண்டிருக்கின்றன. ஒரு செடித் தொட்டி, விளிம்புக்கு வெளியே நீண்டு, ஒரே ஒரு கம்பைத் தாங்கலாகக் கொண்டு நிற்கிறது. அதன் நேர் கீழே நின்றுவிட்டு, என்னை அறியாமல் ஓரடி நகர்ந்தேன். மகளும் நகர்ந்தாள். கூரை உயரம் அதிகமில்லை. கூரையின் உள்வளைவைக் கணக்கிட்டு, குறைந்த உயரத்தில் அவ்வளவு ஆழத்தைக் கொண்டுவந்திருக்கிறார் அந்த மனிதர். 2012-இல் இந்தப் பகுதியில் வந்த நிலநடுக்கத்துக்குப் பின் இந்த அறையை மூடிவைத்து, பழுது பார்த்து, 2015-இல்தான் மறுபடி திறந்தார்கள்.

ஒரு நேரத்தில் கொஞ்சம் பேரைத்தான் உள்ளே விடுகிறார்கள், அதுவும் சில நிமிடங்களுக்கு. முன்பதிவு செய்துகொண்டு போவது நல்லது. இந்தத் தகவலையெல்லாம் பயணக் கட்டுரையில் முதலிலேயே போட வேண்டும். திங்கட்கிழமை அரண்மனை மூடியிருக்கும். மாதத்தின் முதல் ஞாயிறு அரசு அருங்காட்சியகங்களில் கட்டணம் இல்லை. அன்று கூட்டம் அதற்கேற்ப இருக்கும்.

அதே அரண்மனையில் பலர் வேகமாகக் கடந்துபோகிற ஒரு கூடம் உண்டு: ஆறுகளின் கூடம். கொன்சாகாக்கள் போன பின், ஆஸ்திரியர் ஆட்சியில், 18-ஆம் நூற்றாண்டில் தீட்டியது. மாந்தோவா மண்ணில் ஓடும் ஆறுகளைப் பெரிய பெரிய முதியவர்களாக வரைந்து, ஒவ்வொருவரும் குடத்திலிருந்து தண்ணீரைக் கவிழ்ப்பதாகக் காட்டியிருக்கிறார்கள். ஓவியமாக மன்தேஞ்ஞாவின் பக்கத்தில் வைக்க முடியாது. ஆனால் இந்த ஊர் எதனால் இருக்கிறது என்று தெரிந்தவர்கள் தங்கள் ஆறுகளுக்கு அரண்மனைக்குள் ஒரு கூடம் கொடுத்திருக்கிறார்கள். நான் அங்கே வெகுநேரம் இருந்தேன்.

ஊரின் தென் முனையில் இருக்கிறது தே மாளிகை. பெதரீகோ கொன்சாகாவுக்காக ஜூலியோ ரோமானோ 1525 முதல் 1535 வரை கட்டியது. அங்கே அரக்கர் அறை என்று ஒன்று: சுவருக்கும் கூரைக்கும் எல்லையே இல்லாமல், தூண்கள் முறிந்து, பாறைகள் சரிந்து, தேவர்களோடு மோதிய அரக்கர்கள் நசுங்குகிறார்கள். நடுவில் நிற்பவருக்கு அறையே இடிந்து விழுவதுபோலத் தோன்றும். எல்லா வழிகாட்டி நூல்களும் இதைச் சொல்லும். இதே ஜூலியோ ரோமானோவைத்தான் அரசர் ஊரின் கட்டடங்களுக்கும் தெருக்களுக்கும் பொறுப்பாளராக வைத்திருந்தார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. இன்றைய கணக்கில் பொதுப்பணித்துறையின் தலைமைப் பொறியாளர் பதவி. ஊருக்கு நடுவே ரியோ என்ற கால்வாய், மேல் ஏரியையும் கீழ் ஏரியையும் இணைத்து ஓடுகிறது. அதன் கரையில் அவர் 1536-இல் மீன் அங்காடி ஒன்றைக் கட்டினார். வளைவுகள் இன்னும் இருக்கின்றன, அடியில் தண்ணீர் ஓடுகிறது. கட்டணம் இல்லை, வரிசை இல்லை. பாலத்தில் நின்று எட்டிப் பார்த்தால் போதும். சுற்றுலாக் குழு ஒன்று அந்த வழியாகப் போனது, ஒருவரும் நிற்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சான்த் அந்த்ரேயா பேராலயம் லியோன் பத்திஸ்தா அல்பெர்த்தியின் வரைபடப்படி 1472-இல் தொடங்கியது. மன்தேஞ்ஞாவின் கல்லறை அதற்குள்ளேதான். பக்கத்துச் சதுக்கத்தில், தெருமட்டத்துக்குக் கீழே படியிறங்கிப் போகும் ஒரு சிறிய வட்டக் கோயில், 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. பிற்காலத்தில் வழிபாடு நின்று, சுற்றிலும் வீடுகள் எழும்பி மறைந்துபோய், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீட்டெடுத்தது. உள்ளே செங்கல், குளிர்ச்சி, மங்கலான ஓவியத் துண்டுகள். தரை தெருவைவிட எவ்வளவு தாழ்ந்திருக்கிறது என்பதைப் பார்த்தாலே இந்த ஊர் எவ்வளவு மேடாகியிருக்கிறது என்பது புரியும். பிபியேனா அரங்கம் 1769-இல் கட்டி முடித்தது. அடுத்த மாதமே, 1770 ஜனவரியில், பதினான்கு வயது நிறையாத மோட்சார்ட் அங்கே வாசித்தார். தொல்லியல் அருங்காட்சியகத்தில், 2007-இல் ஊருக்கு வெளியே வல்தாரோவில் கிடைத்த இரண்டு எலும்புக்கூடுகள், ஒன்றையொன்று அணைத்தபடி. ஏறக்குறைய ஆறாயிரம் ஆண்டு. அதைப் பற்றி நான் எழுதத் தேவையில்லை, பார்க்க வேண்டும். கவிஞர் வெர்ஜில் கி.மு. 70-இல் பிறந்ததும் இந்த ஊருக்குப் பக்கத்தில்தான். இவ்வளவும் நடந்து சுற்றிவரக்கூடிய ஓர் ஊருக்குள். 2008-இல் யுனெஸ்கோ இதை, அருகிலுள்ள சப்பியோனேத்தாவோடு சேர்த்து, உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்தது.

சாப்பாட்டுக்கு வருகிறேன், வாசகர்கள் முதலில் கேட்பது அதைத்தான். பரங்கிக்காய் பூரணம் வைத்த தொர்தெல்லி என்ற பாஸ்தா இந்த ஊரின் பெருமை. பரங்கிக்காயோடு பாதாம் பிஸ்கட் தூள், காரம் சேர்த்த பழ ஊறல், பாலாடைக்கட்டி எல்லாம் சேரும். மேலே வெண்ணெயும் சேஜ் இலையும். இனிப்பும் காரமும் கலந்த சுவை நம் நாக்குக்கு எளிதில் பிடித்துவிடும். இந்த வட்டாரத்தில் நெல்லும் விளைகிறது. நெல் ஆலைத் தொழிலாளிகள் சமைத்த முறை என்று ஒரு சோறு தருகிறார்கள். கொதிக்கும் நீரில் அரிசியைக் கூம்பாகக் குவித்துக் கொட்டுவார்களாம். கூம்பின் நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிய வேண்டும், அதுதான் அளவு. பிறகு மூடிவைத்துப் புழுங்கவிடுவது. மகள் பரிமாறியவரிடம் கேட்டு எனக்குச் சொன்னாள். ஆனால் அதில் பன்றி இறைச்சி சேரும். ஸ்ப்ரிசொலோனா என்ற பாதாம் கேக், கையால் உடைத்துத் தின்பது, அதிலும் பழைய முறைப்படி பன்றிக் கொழுப்பு போடுபவர்கள் உண்டு. சைவம் சாப்பிடுகிறவர்கள் கேட்டுவிட்டு வாங்க வேண்டும். பில்லில் ‘கொபெர்த்தோ’ என்று ஆளுக்கு ஓரிரு யூரோ சேர்த்திருப்பார்கள். அது இருக்கைக் கட்டணம், ஏமாற்று இல்லை.

வட்டார ரயிலுக்குக் காகிதப் பயணச்சீட்டு வாங்கினால், ஏறுமுன் நடைமேடையில் இருக்கும் இயந்திரத்தில் முத்திரை குத்திக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அபராதம். கோயில்கள் பல, நண்பகலில் மூடி மூன்று மணிவாக்கில் திறக்கும். கோடையில் கொசு அதிகம், ஏரி ஊர். 1796, 97-இல் நெப்போலியன் படை இந்த ஊரை முற்றுகையிட்டபோது இரு தரப்பிலும் காய்ச்சலில் மாண்டவர்கள் ஏராளம். இன்று மலேரியா இல்லை, கொசு இருக்கிறது. வசந்தமும் இலையுதிர் காலமும் நல்லது. தாமரை வேண்டுமென்றால் ஜூலையின் வெயிலைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முக்கியமாக ஓர் இரவு தங்கச் சொல்லுங்கள். காலை வந்து மாலை திரும்புகிறவர்கள் அரண்மனையையும் தே மாளிகையையும் பார்த்து முடிக்கும்போதே பொழுது போய்விடும். ஏரிக்கு நேரம் இருக்காது. மாலை ஏழு மணிக்குமேல் சான் ஜோர்ஜோ பாலத்துக்குப் போய், நடு ஏரியின் கிழக்குக் கரையிலிருந்து ஊரைத் திரும்பிப் பார்க்க வேண்டும். கோட்டை, குவிமாடம், கோபுரங்கள் வரிசையாகத் தண்ணீருக்கு மேலே நிற்கும். நாங்கள் போன மாலை உள்ளூர்க்காரர்கள் சைக்கிளில் வந்து கரையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தார்கள். வயதான ஒருவர் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். மகள் மூலமாக அவரிடம் தண்ணீர் எங்கே திறப்பது, வெள்ளம் வந்தால் யார் பார்ப்பது என்று கேட்டேன். அவர் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து, கை நீட்டிக் கைநீட்டிக் காட்டி விளக்கினார். மேலே கார்தா ஏரியிலிருந்து எவ்வளவு விடுவார்கள், வெள்ளநீரை ஊருக்கு முன்பே திருப்பிவிடும் வாய்க்கால் எது, கீழே போ நதி ஏறினால் அடைக்கும் இடம் கொவெர்னோலோ. எந்த மொழியில் சொன்னாலும் அந்தக் கையசைவு எனக்குத் தெரிந்ததுதான். அரைமணி நேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

எனவே ஆசிரியர் அவர்களே, பயணப் பக்கத்தில் மாந்தோவாவுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்க வேண்டும் என்று கேட்கிறேன். கட்டுரையாளர் மன்தேஞ்ஞாவுக்குக் கொடுக்கிற இடத்தில் பாதியையாவது பித்தெந்தீனோவுக்குக் கொடுக்கட்டும். ஆலைகளின் பாலத்திலிருந்து இரண்டு பக்கமும் ஒவ்வொரு படம் எடுத்துப் போடட்டும். மட்ட வித்தியாசம் படத்திலேயே தெரியும். ஏரிகளின் அமைப்பைக் காட்டும் எளிய வரைபடம் ஒன்று நான் போட்டு வைத்திருக்கிறேன், தேவையென்றால் அனுப்பித் தருகிறேன். சப்பியோனேத்தாவை நான் பார்க்கவில்லை. அங்கே போய்வந்த வாசகர் யாராவது இருந்தால் அவர்களையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பாசனப் பொறியாளர் ஒருவர்